மூன்று வோல்ட்டை ஐந்தாக்கும் சுருள்

பவர் பேங்க் ஒன்றின் மேலுறையைக் கழற்றினால் உள்ளே லித்தியம் செல்லும், அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டும் இருக்கும். போர்டில் உள்ள பாகங்களில் பெரும்பாலானவை பொடிப்பொடியானவை. லென்ஸ் இல்லாமல் எண்ணுவதே சிரமம். ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். சாம்பல் நிறத்தில், சதுரமாக, தலையில் ‘2ஆர்2’ என்றோ ‘4ஆர்7’ என்றோ பொறித்த ஒரு கட்டி. கடையில் கேட்டால் காயில் என்பார்கள், டிவி மெக்கானிக் சோக் என்பார், பள்ளிப் பாடநூல் மின்தூண்டி என்கிறது. உள்ளே சில சுற்று செம்புக் கம்பி, அதைச் சூழ்ந்து கொஞ்சம் காந்தப் பொருள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பவர் பேங்க் வருடக்கணக்கில் உழைக்குமா, கோடைக்காலம் முடிவதற்குள் சூடேறிச் செத்துப்போகுமா என்பதில் பெரும்பங்கு இந்தக் கட்டியைத் தேர்ந்தெடுத்த விதத்தில் அடங்கியிருக்கிறது.

லித்தியம் செல்லில் சார்ஜ் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே வந்து, 3 வோல்ட்டை நெருங்கும்போது காவலுக்கு இருக்கும் சிப் இணைப்பைத் துண்டித்துவிடும். எந்த நிலையிலும் செல் 5 வோல்ட்டைத் தொடுவதில்லை. யுஎஸ்பி ஒயரின் மறுமுனையில் இருக்கும் ஃபோன் கேட்பதோ 5 வோல்ட். மாறுதிசை மின்சாரமாக இருந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து உயர்த்திவிடலாம். பேட்டரியிலிருந்து வருவது நேர்மின்சாரம். அதனிடம் டிரான்ஸ்ஃபார்மரின் பாச்சா பலிக்காது. இந்தக் குறையை ஈடுகட்டும் சுற்றுதான் பூஸ்ட் கன்வர்ட்டர். (அட்டையில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்க் ஏன் அவ்வளவையும் ஃபோனுக்குத் தருவதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. அந்த எண் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. அதே ஆற்றலை 5 வோல்ட்டில் எண்ணினால் 7,400 ஆகிவிடும். வழியில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் 6,600 பக்கம் வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சிறிய எழுத்தில் அதையும் அச்சிட்டிருப்பார்கள்.)

சுருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் வழியே ஓடும் மின்னோட்டம் சட்டென்று மாறுவதற்கு அது இடம் கொடுக்காது. இதைக் கண்டு 1832-இல் எழுதியவர் ஜோசப் ஹென்றி, அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்தவர். பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்த கம்பி குட்டையாக இருந்தால், பிரிக்கும்போது பொறி எழுவதில்லை. முப்பது நாற்பது அடி நீளக் கம்பியாக இருந்தால் பளிச்சென்று ஒரு பொறி. அதே கம்பியைச் சுருளாகச் சுற்றினால் பொறி இன்னும் வலுக்கிறது. பேட்டரி மாறவில்லை, ஆனால் காற்றைப் பிளக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் நிற்க மறுத்தபோது, தொடர்ந்து ஓடுவதற்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சுருளே உண்டாக்கிக்கொண்டது. 1893-இல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு சுருளின் இந்தப் பிடிவாதத்தின் அளவான தூண்டலின் அலகுக்கு ஹென்றி என்று அவர் பெயரையே சூட்டியது.

பழைய டியூப்லைட்டை எரியவைத்ததும் இதுதான். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகத் தகடு விலகும் கணத்தில் சோக்கின் மின்னோட்டம் அறுபடும். சோக் பல நூறு வோல்ட் உதைத்துக் குழாயைப் பற்றவைக்கும். வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயை ஒரேயடியாக மூடினால் சுவருக்குள் ‘டம்’மென்று ஓர் இடி கேட்கிறதே, நீரின் வேகம் அங்கே அழுத்தமாக மாறுகிறது, சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தமாக மாறுவதும் அந்த வகைதான்.

பூஸ்ட் கன்வர்ட்டர் இந்த உதையைப் பழக்கி வேலை வாங்குகிறது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து சுருள். சுருளின் மறுமுனையிலிருந்து தரைக்கு ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச். அதே முனையிலிருந்து ஒரு டையோடு வழியாக வெளியீட்டு மின்தேக்கி. சுவிட்ச் ஆன் ஆகும்போது பேட்டரியின் முழு மின்னழுத்தமும் சுருளின் மேல் விழுகிறது. மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறுகிறது. ஆற்றல் காந்தப்புலமாகச் சேர்கிறது. ஆஃப் ஆனதும் மின்னோட்டத்துக்கு டையோடைத் தவிர வேறு வழியில்லை. சுருள் தன் பங்கு மின்னழுத்தத்தைப் பேட்டரியின் மின்னழுத்தத்தோடு தொடராகச் சேர்த்து, மேலே இருக்கும் மின்தேக்கிக்குள் தள்ளுகிறது. மீண்டும் ஆன், மீண்டும் ஆஃப். நம் பவர் பேங்கில் இது வினாடிக்கு 5 லட்சம் முறை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோ வினாடி.

நிலையாக ஓடும் சுற்றில், ஆன் நேரத்தில் ஏறிய மின்னோட்டம் முழுதும் ஆஃப் நேரத்தில் இறங்கியாக வேண்டும். 3 வோல்ட்டை 5 ஆக்க, ஆன் நேரத்தில் சுருளின் மேல் 3 வோல்ட், ஆஃப் நேரத்தில் எதிர்த்திசையில் 2 வோல்ட். அப்படியானால் 0.8 மைக்ரோ வினாடி ஆன், 1.2 மைக்ரோ வினாடி ஆஃப். 3-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 2.4, 2-ஐ 1.2-ஆல் பெருக்கினாலும் 2.4. கணக்கு நேராகிவிட்டது. பொதுவாகச் சொன்னால், உள்ளீட்டு மின்னழுத்தத்தை ஆஃப் நேரத்தின் பங்கால் வகுத்தால் வெளியீடு கிடைக்கும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தச் சமன்பாட்டில் சுருளே இல்லை! எத்தனை மைக்ரோஹென்றி என்ற கேள்வி எழவே இல்லை. 1 போட்டாலும் 5 வோல்ட், 100 போட்டாலும் 5 வோல்ட். அப்படியென்றால் கிடைத்த காயிலைப் போட்டு மூடிவிடலாமே? பலர் செய்வதும் அதுதான். சமன்பாடு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறது: சுருள் கடைசிவரை சுருளாகவே இருக்கும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

முதலில் மைக்ரோஹென்றியின் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். மின்னோட்டம் எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்கும் என்பதை அது முடிவு செய்கிறது. சிறிய எண் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் பெரிய ஏற்ற இறக்கம், பெரிய எண் என்றால் சிறிய ஏற்ற இறக்கம். சராசரி மின்னோட்டத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கட்டும் என்பது பவர் சப்ளை வடிவமைப்பவர்களின் வழக்கம்.

எதன் சராசரி என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பவர் பேங்க் வெளியே 2 ஆம்பியர் தருகிறது என்றால், சுருளில் ஓடுவது 2 ஆம்பியர் அல்ல. பூஸ்ட் கன்வர்ட்டரில் சுருள் பேட்டரியின் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஓடுவது உள்ளீட்டு மின்னோட்டம். வெளியே 5 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 10 வாட். சுற்றின் செயல்திறன் 90 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து 11.1 வாட் இழுக்க வேண்டும். செல் தீரும் தறுவாயில் 3 வோல்ட்டில் நிற்கும்போது அது 3.7 ஆம்பியர். செல் நிறைந்து 4.2 வோல்ட்டில் இருக்கும்போதோ 2.65 ஆம்பியர்தான். எனவே எந்தக் கணக்கையும் 3.7 வோல்ட் என்ற அட்டை எண்ணை வைத்துத் தொடங்கக் கூடாது. பேட்டரி மிகவும் தளர்ந்த நேரம், ஃபோன் மிக அதிகமாகக் கேட்கும் நேரம், இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் தொடங்க வேண்டும்.

அந்த இடத்தில், இழப்புகளையும் சேர்த்தால், ஆன் பங்கு 40-லிருந்து 46 சதவீதமாகிறது. 0.92 மைக்ரோ வினாடி. 3.7 ஆம்பியரில் 30 சதவீதம், 1.1 ஆம்பியர் ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால், 3-ஐ 0.92-ஆல் பெருக்கி 1.1-ஆல் வகுத்தால் 2.5 மைக்ரோஹென்றி. கடையில் 2.5 கிடைக்காது, 2.2 கிடைக்கும். 2.2 போட்டால் ஏற்ற இறக்கம் 1.25 ஆம்பியர். மின்னோட்டம் 3.1-க்கும் 4.3-க்கும் இடையே ஏறி இறங்கும். வெளியே தருவது 2 ஆம்பியர்; சுருள் ஒவ்வொரு சுற்றிலும் தொடும் உச்சம் 4.3 ஆம்பியர். ‘2 ஆம்பியர் பவர் பேங்க், 3 ஆம்பியர் காயில் போட்டால் தாராளம்’ என்று கணக்குப் போட்டவரின் பவர் பேங்க் முழு சார்ஜில் நன்றாகவே ஓடும். மாலையில் சார்ஜ் குறைந்த பிறகுதான் தகராறு.

அந்தத் தகராறு சுருளின் உள்ளே, காந்தப் பொருளில் நடக்கிறது. வெறும் செம்புக் கம்பியை மட்டும் சுற்றி 2.2 மைக்ரோஹென்றி வாங்க நிறையச் சுற்றுகள் வேண்டும், இடமும் வேண்டும். ஃபெரைட் போன்ற காந்தப் பொருளை நடுவில் வைத்தால் சில சுற்றுகளே போதும். இரும்பு ஆக்ஸைடோடு மாங்கனீஸ், துத்தநாகம் போன்றவற்றின் ஆக்ஸைடுகளைக் கலந்து, பீங்கான் சுடுவது போலச் சுட்டெடுத்த பொருள் இது. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் உயர் அதிர்வெண்ணில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைச் சூடாக்குவதில்லை. 1930-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ காட்டோவும் தகேஷி தகேயும் இதைக் கண்டுபிடித்தார்கள். இதைத் தயாரித்து விற்பதற்காகவே 1935-இல் தொடங்கியதுதான் இன்றைய டிடிகே நிறுவனம்.

ஃபெரைட்டுக்குள் கோடிக்கணக்கான நுண்காந்தப் பகுதிகள் பல திசைகளில் கலைந்து கிடக்கின்றன. மின்னோட்டம் ஏற ஏற, அவை ஒரே திசையில் அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றும் திரும்பும்போது காந்தப்பாயம் பெருகுகிறது. சுருளின் பிடிவாதமும் அதனால்தான். எல்லாம் திரும்பி முடிந்துவிட்டால்? அதற்கு மேல் கொடுக்க அந்தப் பொருளிடம் ஒன்றும் இல்லை. இதைத் தெவிட்டல் என்கிறோம். பவர் சப்ளைகளுக்கான ஃபெரைட், அறை வெப்பத்தில் காந்தப்பாய அடர்த்தி ஏறத்தாழ 0.5 டெஸ்லாவை எட்டும்போது தெவிட்டுகிறது. 100 டிகிரி செல்சியஸில் 0.4 டெஸ்லாவை ஒட்டியே தெவிட்டிவிடுகிறது. தெவிட்டிய கணத்திலிருந்து சுருள் வெறும் செம்புக் கம்பி. 2.2 மைக்ரோஹென்றி என்று தலையில் எழுதியிருப்பதற்கு அப்போது அர்த்தமே இல்லை.

மின்னோட்டத்தின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நல்ல சுருளின் மின்னோட்டம் திரையில் சீரான முக்கோண வரிசை. பக்கங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். உள்ளீட்டு மின்னழுத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முக்கோணங்கள் திரையில் மேலே நகரும், வடிவம் மாறாது. ஏதோ ஓரிடத்தில் ஏறும் பக்கத்தின் நுனி மட்டும் லேசாக மேல்நோக்கி வளையும். இன்னும் கால் வோல்ட் குறைத்தால் அந்த நுனி கொக்கியாகிச் செங்குத்தாகக் கிளம்பும். 4 ஆம்பியரில் முடிய வேண்டிய ஏற்றம் 6, 7 என்று போகும். சுவிட்சை ஆன், ஆஃப் செய்யும் சிப், தன் மின்னோட்ட உச்சவரம்பைத் தொட்டதும் அதை முன்கூட்டியே அணைக்கும். வெளியீடு 5 வோல்ட்டிலிருந்து சரியத் தொடங்கும். இதற்குள் சுருள் தொட முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும். சூடு ஏறினால் ஃபெரைட் இன்னும் சீக்கிரம் தெவிட்டும். சீக்கிரம் தெவிட்டினால் இன்னும் சூடு. ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழலிலிருந்து சுற்று தானாக மீள்வது அரிது.

எல்லாக் காந்தப் பொருளும் இப்படிச் சட்டென்று கைவிடுவதில்லை. இரும்புக் கலவையை மாவாக அரைத்து, ஒவ்வொரு துகளுக்கும் மின்காப்புப் பூச்சு கொடுத்து, பிசினோடு சேர்த்துக் கம்பிச் சுருளைச் சுற்றியே அழுத்தி வார்த்த சுருள்கள் இன்று ஃபோன்களிலும் லேப்டாப்களிலும் நிறைந்திருக்கின்றன. நான் முதலில் சொன்ன சாம்பல் கட்டி பெரும்பாலும் இந்த வகை. இவை மெல்ல மெல்லத் தளர்கின்றன. 20 சதவீதம், 30 சதவீதம் என்று தூண்டல் குறையும், ஆனால் பள்ளத்தில் விழாது. கண்ட நேரத்தில் கண்ட சுமையைத் தாங்க வேண்டிய ஒரு பவர் பேங்குக்கு நான் இவற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரே மைக்ரோஹென்றிக்கு ஃபெரைட்டை விடக் காந்தப் பொருளின் இழப்பு இதில் சற்று அதிகம். மின்னோட்ட ஏற்ற இறக்கத்தை அடக்கமாக வைத்துக்கொண்டால் அது பெரிய விலையல்ல.

அந்த மாவுத் துகள்களுக்கு இடையே இருக்கும் பூச்சுக்கும் பிசினுக்கும் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. சுருள் சேர்த்துவைக்கும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், காந்தப் பொருளில் என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி காந்தப் பொருள் இல்லாத இடத்தில்தான் இருக்கிறது. ஒரே அளவு காந்தப்பாய அடர்த்தியில், ஃபெரைட்டுக்குள் ஒரு கன மில்லிமீட்டர் தாங்கும் ஆற்றலைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல் காற்றில் ஒரு கன மில்லிமீட்டர் தாங்கும். அதனால்தான் பவர் சப்ளைக்கான ஃபெரைட் சுருள்களில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடுகிறார்கள். வார்ப்புச் சுருளில் அந்த இடைவெளியே துகள்களுக்கு நடுவே பரவிக் கிடக்கிறது. நம் சுருள் 4.3 ஆம்பியர் உச்சத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 20 மைக்ரோஜூல். 0.3 டெஸ்லா அடர்த்தியில் காற்றிடைவெளி கன மில்லிமீட்டருக்குச் சுமார் 36 மைக்ரோஜூல் தாங்கும். அதாவது, அரை கன மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வெற்றிடம் போதும். மற்ற ஃபெரைட் முழுதும், காந்தப்பாயத்தை அந்தச் சின்ன இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பாதை மட்டுமே. இடைவெளி இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் வளையத்தைக் கழற்றிச் சுருளாகச் சுற்றினால் மீட்டரில் அழகான எண் காட்டும். ஓர் ஆம்பியருக்கே தெவிட்டிவிடவும் கூடும்.

இன்னொரு கணக்கும் இதோடு சேர்ந்தது. பேட்டரி தரும் 11.1 வாட்டும் சுருளில் சேர்ந்து பிறகு வெளியேறுவதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஆஃப் நேரத்தில் பேட்டரியும் வெளியீட்டோடு தொடராக இணைந்திருப்பதால், ஒரு பகுதி நேரடியாகவே போய்விடுகிறது. காந்தப்புலமாக மாறி மீள்வது ஆன் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான். இங்கே 46 சதவீதம், 5.1 வாட். அதே 3 வோல்ட்டை 12 ஆக்க வேண்டுமென்றால் ஆன் பங்கு 75 சதவீதத்தைத் தாண்டும். முக்கால்வாசிக்கு மேல் சுருளின் தலையில் விழும். அதனால் ஏற்றம் உயர உயரச் சுருளும் பருக்கும். 3-லிருந்து 5-க்கு ஏற்றிய சுற்றின் சுருளை எடுத்து, வாட் அதேதானே என்று 12 வோல்ட் சுற்றில் போடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது.

சரி, பயமாக இருந்தால் 2.2-க்குப் பதில் 22 மைக்ரோஹென்றி போட்டுவிடலாமே? ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்காகிவிடும், உச்சமும் 3.8-க்குக் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே உடம்புக்குள் பத்து மடங்கு தூண்டல் வேண்டுமென்றால் மூன்று மடங்குக்கு மேல் சுற்றுகள் வேண்டும். கம்பி மெலிய வேண்டும், நீளமும் கூட வேண்டும்; மின்தடை பத்து மடங்காகும். தெவிட்டும் மின்னோட்டமும் மூன்றில் ஒரு பங்காகச் சரியும். 4.3 ஆம்பியரைத் தாங்கிய உடம்பு இப்போது 3.8-ஐக் கூடத் தாங்காது.

அதைவிட நுட்பமான ஒரு கோளாறு பூஸ்ட் கன்வர்ட்டருக்கே உரியது. ஃபோன் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கிறது என்று வையுங்கள். வெளியீடு சற்று இறங்குகிறது. சிப் உடனே ஆன் நேரத்தை நீட்டுகிறது. ஆனால் ஆன் நேரத்தில் வெளியீட்டுக்கு ஒன்றும் போவதில்லையே! சுருள் நிரம்பிக்கொண்டிருக்கும், வெளியே மின்தேக்கி தனியாகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். உதவி கேட்ட கணத்தில் உதவி குறைகிறது; வெளியீடு இன்னும் இறங்கி, சுருளின் மின்னோட்டம் கூடிய பிறகுதான் மீள்கிறது. இந்தத் தலைகீழ் இறக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைச் சுருளின் தூண்டல்தான் முடிவு செய்கிறது. நம் சுற்றில் 2.2 மைக்ரோஹென்றிக்கு இந்தக் குணம் சுமார் 53 கிலோஹெர்ட்ஸில் தலைகாட்டும். 22 போட்டால் 5 கிலோஹெர்ட்ஸுக்கே வந்துவிடும். கட்டுப்பாட்டுச் சுற்று அதற்கும் பல மடங்கு கீழே மெதுவாக இயங்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் 5 வோல்ட் ஆடத் தொடங்கும். சிப் தயாரிப்பாளர் தன் கையேட்டில் ‘1.5 முதல் 3.3 மைக்ரோஹென்றி’ என்று எழுதியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். உள்ளே இருக்கும் கட்டுப்பாடு அந்த எல்லைக்குள் இருக்கும் சுருளை நம்பியே இசைக்கப்பட்டிருக்கிறது.

அதிர்வெண்ணைக் கூட்டினால் சுருள் சிறுக்கும் என்பது உண்மை. இதே வேலையை 50 கிலோஹெர்ட்ஸில் செய்ய 22 மைக்ரோஹென்றியும் அதற்கேற்ற பெரிய உடம்பும் வேண்டும். பவர் சப்ளைகள் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்ததற்கு இதுவே முதல் காரணம். ஆனால் ஒவ்வொரு ஆன், ஆஃபுக்கும் டிரான்சிஸ்டரில் ஓர் இழப்பு, காந்தப் பொருளில் ஓர் இழப்பு. மெகாஹெர்ட்ஸைத் தாண்டும்போது அந்தச் சில்லறைச் செலவு பெரிய பில்லாகிவிடும்.

கம்பியின் மின்தடையையும் சொல்லியாக வேண்டும். 20 மில்லி ஓம் உள்ள சுருளில் 3.7 ஆம்பியர் ஓடினால் 0.27 வாட் வெப்பம். 60 மில்லி ஓம் என்றால் 0.8 வாட். மூடிய பிளாஸ்டிக் உறைக்குள், லித்தியம் செல்லுக்குப் பக்கத்தில், 0.8 வாட் என்பது சாதாரணம் அல்ல. செல்லின் ஆயுளையும் அது தின்னும்.

இப்போது தயாரிப்பாளரின் தகவல் தாளைத் திறந்தால் இரண்டு மின்னோட்ட எண்கள் தெரியும். ஒன்று தெவிட்டும் எல்லை. மற்றது சூடேறும் எல்லை, பெரும்பாலும் சுருளின் வெப்பம் 40 டிகிரி உயரும் மின்னோட்டம். உச்சமான 4.3-ஐ முதல் எண்ணோடும், சராசரியான 3.7-ஐ இரண்டாவது எண்ணோடும் ஒப்பிட வேண்டும். அடிக்குறிப்பையும் படியுங்கள். ஒரு நிறுவனம் தூண்டல் 10 சதவீதம் குறையும் இடத்தைத் தெவிட்டல் என்கிறது, இன்னொன்று 30 சதவீதத்தை. 25 டிகிரியில் அளந்ததா, 100 டிகிரியில் அளந்ததா என்பதும் அங்கேதான் இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 6 ஆம்பியரை மட்டும் வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவது நியாயமே இல்லை. எனக்குப் பிடித்த அளவுகோல் எளியது: சிப் தன் சுவிட்சுக்கு வைத்திருக்கும் மின்னோட்ட உச்சவரம்பு என்னவோ, அந்த அளவுக்கும் சூடான நிலையில் தெவிட்டாத சுருளை எடுப்பது. சுற்று தொடங்கும் கணத்திலும், வெளியே ஒயர் ஷார்ட் ஆகும்போதும் மின்னோட்டம் கணக்கில் வந்த 4.3-இல் நிற்காது, சிப் அனுமதிக்கும் எல்லைவரை போய்த்தான் திரும்பும்.

தகவல் தாளே இல்லாவிட்டால்? சென்னை ரிச்சி தெருவிலோ பழைய போர்டுகளிலோ கிடைக்கும் காயில்களுக்குப் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. தலையில் ஓர் எண் மட்டும் இருக்கும். ‘2ஆர்2’ என்றால் 2.2 மைக்ரோஹென்றி. ‘220’ என்றால் 220 அல்ல, 22-க்குப் பின் பூஜ்ஜியம் இல்லை என்று பொருள், ஆக 22. ‘221’தான் 220. இதைத் தெரியாமல் வாங்கி வந்து சுற்று ஓடவில்லை என்று சிப்பைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

மேசையில் இரண்டு ‘2ஆர்2’ காயில்களை அருகருகே வையுங்கள். ஒன்று 3 மில்லிமீட்டர் சதுரம், மற்றது 7 மில்லிமீட்டர். தூண்டலை அளக்கும் கையடக்க எல்சி மீட்டரின் கவ்விகளில் மாட்டினால் இரண்டும் 2.2-ஐ ஒட்டியே காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அனுப்பிப் பார்ப்பது சில மில்லி ஆம்பியர்தான், அந்த அளவில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசத்தைப் பார்க்க ஆம்பியர்களை அனுப்ப வேண்டும், சுருள் சூடாவதற்குள் நிறுத்தவும் வேண்டும். 5 வோல்ட் சப்ளையின் குறுக்கே ஒரு பெரிய மின்தேக்கி, அதிலிருந்து சுருள், பிறகு சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அதற்கும் தரைக்கும் நடுவே 0.05 ஓம் மின்தடை. சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடை மறக்காமல் போட வேண்டும், இல்லாவிட்டால் ஹென்றி பார்த்த பொறி மாஸ்ஃபெட்டுக்குள் வெடிக்கும். மாஸ்ஃபெட்டுக்கு வினாடிக்குச் சில முறை மட்டும், ஒவ்வொரு முறையும் 2 மைக்ரோ வினாடிக்கு ஆன் கொடுங்கள். நல்ல 2.2 மைக்ரோஹென்றி சுருளில் அந்த நேரத்துக்குள் மின்னோட்டம் சுமார் 4.5 ஆம்பியர் ஏறும். மின்தடையின் குறுக்கே 0.22 வோல்ட்டில் முடியும் ஒரு நேர்க்கோடு ஆசிலோஸ்கோப் திரையில் தெரியும். பெரிய காயிலில் கோடு நேராகவே போகும், நேரத்தை 3 மைக்ரோ வினாடியாக நீட்டினாலும் அசையாது. சின்னதில் பாதி வழியிலேயே கோடு நிமிர்ந்துவிடும். எந்த ஆம்பியரில் நிமிர்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காயிலின் உண்மையான விலை அந்த எண்தான். பிறகு காயிலை ஹேர் டிரையரால் சூடேற்றி இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இத்தனையும் சேர்ந்து நம் பவர் பேங்குக்கு வந்து சேரும் சுருள்: 2.2 மைக்ரோஹென்றி, வார்ப்பு வகை, சூடான நிலையிலும் 6 ஆம்பியர்வரை தெவிட்டாதது, மின்தடை 20 மில்லி ஓமுக்குள், ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் சதுரம், 3 மில்லிமீட்டர் உயரம். விலையில் சின்ன காயிலைவிடச் சில ரூபாய் கூடுதல். போர்டில் பொருத்திய பிறகு உறையை மூடி, பேட்டரிக்குப் பதில் ஒரு பவர் சப்ளையில் 3.0 வோல்ட் வைத்து, வெளியே 2 ஆம்பியர் சுமையை மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு மின்னோட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். முக்கோணத்தின் நுனி கூர்மையாக இருந்தால் தேர்வு முடிந்தது. நுனி வளைந்திருந்தால் மைக்ரோஹென்றியைத் தொடாதீர்கள்; அதே 2.2-இல் அடுத்த பெரிய உடம்பைப் போட்டு மறுபடி பாருங்கள்.